ஒரு கிளாஸ் கலங்கலின் விலை

பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் அவனுக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது: மூக்கன். மூக்கு பெரிதாக இருந்ததால் வைத்த பெயரல்ல. பக்கத்து பெஞ்சுக்காரன் பையில் ஆரஞ்சு இருக்கிறதா ஆப்பிள் இருக்கிறதா என்று பையைத் திறக்காமலே சொல்லிவிடுவான். பெரியவனாகி ஒரு சோப்புக் கம்பெனியில் வாசனை கலக்கும் பிரிவில் வேலை பார்த்தான். நல்ல சம்பளம். அதை உதறித் தள்ளிவிட்டு, தெருக்கோடியில் காலியாகக் கிடந்த ஒரு கார் ஒர்க்‌ஷாப்பை வாடகைக்கு எடுத்து, சொந்தமாக பீர் காய்ச்ச ஆரம்பித்தபோது, பலகையில் எழுத வேறு பெயர் தேடவில்லை. அந்தப் பட்டப்பெயரையே எழுதிவிட்டான்.

முன்னால் பத்துப் பன்னிரண்டு மேஜைகள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் எவர்சில்வர் டாங்க்குகள், ஹோஸ் பைப்புகள், எப்போதும் ஈரமாகவே இருக்கும் சிமெண்டுத் தரை. மாடியில் இரண்டு அறைகள், குடித்தனம் அங்கே. காய்ச்சுவது அவன் பொறுப்பு. ஊற்றிக் கொடுப்பதும் கல்லாவும் அவன் மனைவியின் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்றவள் அவள். யார் என்ன மனநிலையில் வருகிறார்கள் என்பது அவர்கள் கதவைத் தள்ளும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

கடையில் மூன்று வகை பீர் உண்டு. தெளிவான லேசான ஒன்று, கறுப்பாக ஒன்று, அப்புறம் ஹேஸி ஐபிஏ என்கிற கலங்கல் பீர். கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மூன்றாவதுதான். பழச்சாறு போலக் கலங்கலாக இருக்கும். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாலே அன்னாசி, ஆரஞ்சுத் தோல், மழை பெய்து ஓய்ந்த தோட்டம் என்று என்னென்னவோ வரும். அதில் பழம் ஒரு துண்டுகூடக் கிடையாது. எல்லாம் ஹாப்ஸ் என்கிற பூவின் வேலை.

விலையும் அதற்கேற்ற மாதிரிதான். அந்த ஒரு கிளாஸ் காசுக்கு வெளியே சாதாரண பீர் மூன்று பாட்டில் வாங்கிவிடலாம்.

இதை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள் அவளுடைய அண்ணன். மேஜை நாற்காலி டெலிவரி கொடுக்கிற வேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் வருவார். முதல் தடவை அந்தக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "என்ன மாப்ளே, வடிகட்ட மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, இதை வடிகட்டக்கூடாது என்று மூக்கன் சொன்னதும், "வடிகட்டாததுக்கே இந்த விலைன்னா, வடிகட்டினா வீட்டை எழுதிக் கேப்பீங்க போல" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

மூக்கனும் சிரித்தான். சிரித்துவிட்டு, மச்சானை உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினான். பச்சை உருண்டைகளாக மூட்டை கட்டி வரும் ஹாப்ஸின் விலை. மற்ற பீருக்கு ஒரு பிடி என்றால் இதற்கு வாளி வாளியாகக் கொட்ட வேண்டியிருப்பது. கொட்டிய ஹாப்ஸ் பீரையே உறிஞ்சிக்கொண்டு டாங்க்கின் அடியில் சேறாக உட்கார்ந்துவிடுவது. அந்தச் சேறு அத்தனையும் சாக்கடைக்குத்தான். அதைவிட, இதற்குக் காற்றே ஆகாது. ஒரு டாங்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொஞ்சம் காற்று பட்டால் போதும், மணம் செத்துவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும் வாங்கி வைத்து ஆறப்போட்டுக் குடிக்க முடியாது. சில வாரங்களில் அதன் கதை முடிந்துவிடும்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்: "எல்லாம் நியாயம்தான் மாப்ளே. ஆனா இதெல்லாம் உங்க கஷ்டம். உங்க கஷ்டத்துக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?"

அன்றும் சரி, பிறகும் சரி, மச்சான் தெளிவான பீரைத்தான் குடித்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வேறொருவரிடமிருந்து வந்தது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஒருவர், வாரத்துக்கு ஒருநாள், வேலை முடிந்து சாயங்காலம் வருவார். நடுத்தர வயது, அதிகம் பேச மாட்டார். வந்ததும் கை கழுவுவார். கழுவிய கையை மோந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் கழுவுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே ஒரு கிளாஸ் ஹேஸி கேட்பார். வந்ததும் குடித்துவிட மாட்டார். கிளாஸை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். நுரை அடங்கிப்போகும், அப்போதும் மோந்துகொண்டுதான் இருப்பார்.

ஒருநாள் அண்ணன் சாயங்காலம் வந்திருந்தபோது, சும்மா பேச்சு கொடுப்பது போல, இந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டார். அவளுக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. லிஃப்ட்காரர் கோபித்துக்கொள்ளவில்லை.

"வாரம் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேங்க. கிரீஸ், துரு, எலி செத்த நாத்தம். வீட்டுக்குப் போனாலும் அது மூக்கை விட்டுப் போகாது. இதைக் கையில எடுத்தாதான் வெளிய வந்த மாதிரி இருக்கு. விலை ஜாஸ்திதான். ஆனா வேற எங்கயும் இது கிடைக்கலையே."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூக்கன் துடைத்துக்கொண்டிருந்த பைப்பைக் கையிலேயே பிடித்தபடி நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். சொந்தத் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படியொரு நிறைவை அவள் கண்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல்தான். ஒரு வாரம் படுத்தான், எழுந்தான், வேலைக்கு இறங்கினான். கொஞ்சம் சோர்வாக இருக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் காலை, குளித்துவிட்டு வந்தவளுக்குத் தொண்டை கமறியது. மாடி அறை முழுக்கப் புகை. அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் இருமிய சத்தம் கேட்டுத்தான் திரும்பினான்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"காய்ச்சல்லேர்ந்து." பேப்பரை நாலாக மடித்தான். "இனிப்பு தெரியுது. கசப்பு தெரியுது. மத்ததெல்லாம் சுவத்தை மோந்து பாக்குற மாதிரி இருக்கு. ஏதாவது ஒருநாள் காலையில திரும்பி வந்துரும்னு பாத்தேன்."

டாக்டரிடம் போனார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சின்னச் சின்ன புட்டிகளில் வெவ்வேறு வாசனை எண்ணெய் கொடுத்து, காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். சோப்புக் கம்பெனியில் நூற்றுக்கணக்கான வாசனைகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பெயர் சொல்லிப் பிரித்தவன், குழந்தை மாதிரி ஒவ்வொரு புட்டியாக எடுத்து மோந்து, ஒன்றும் தெரியாமல் மூடி மூடி வைத்தான். கொஞ்ச நாளில் புட்டிகள் அலமாரிக்குள் போய்விட்டன.

அப்போது அவன் ஒரு காரியம் சொன்னான். ஹேஸியின் விலையைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றான். மணம் தெரியாத ஒருத்தன் காய்ச்சுகிற பீருக்கு முழு விலை வாங்குவது திருட்டு என்றான்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. விலையைக் குறைத்தால் ஏன் என்று கேட்பார்கள், என்னமோ கோளாறு என்று பேச்சு கிளம்பும், கடைக்குப் பேரே அவன் மூக்குதானே என்றாள். வாடகை, மின்சாரம், டாங்க் வாங்கிய கடன் எதுவும் பாதியாகக் குறையப் போவதில்லை என்றாள். கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல. நான் மோந்து பாத்துச் சொல்றேன். நீங்க சொல்லிக் குடுங்க" என்றாள்.

அவன் சொல்லிக்கொடுத்தான். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும், அவன் தலைக்குள் இப்படியொரு உலகம் இருந்தது அவளுக்குத் தெரியாது. வெண்ணெய் வாசம் வந்தால் ஈஸ்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்று அர்த்தம். வெந்த முட்டைக்கோஸ் வாசம் வந்தால் கொதி போதவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்று புகுந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் டாங்க்கிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து அவளிடம் நீட்டி, "சொல்லு" என்பான். அவள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். ஆரஞ்சு என்றால் பழமா தோலா என்பான். தோல் என்றால் உரித்ததா உலர்ந்ததா என்பான். அவள் சரியான சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டால் அவன் முகம் மெல்ல மலரும், மணம் அவனுக்கே கிடைத்துவிட்ட மாதிரி. கஷ்டமான காலம்தான். ஆனாலும், கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றும்.

ஒரு தடவை வெண்ணெய் வாசம் வந்தது. சொன்னாள். அவன் டாங்க்கின் அடிக்குழாயைத் திறந்துவிட்டான். முழு டாங்க்கும் மஞ்சளாகச் சாக்கடையில் ஓடி முடியும்வரை அங்கேயே குந்தியிருந்தான். அதற்குப் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பதில் வரும், தானாக ஒரு வார்த்தை வராது. சவரம் செய்துகொள்ளாமல், காலியான டாங்க்கைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு கவுண்டரில் சிரித்த முகமாக நிற்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அடுத்த டாங்க்கில், ஹோஸ் பைப் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. பீரை டாங்க் மாற்றுகிறபோது யாரும் கவனிக்கவில்லை. காலையில் அவன் கிளாஸைப் பிடித்து நீட்டினான்.

மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழம் இல்லை, தோட்டம் இல்லை. மழையில் நனைந்து கிடந்த அட்டைப்பெட்டி.

அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். முகத்தில் முள்ளு முள்ளாகத் தாடி. போன தடவை ஒட்டிப்போன கன்னம் இன்னும் நிரம்பவில்லை.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

அவன் பெருமூச்சு விட்டான். "பழமா, தோலா?"

"தோல். இப்பதான் உரிச்ச தோல்."

நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதே என்று அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, இந்தத் தடவை ஓட்ஸ் கூடப் போட்டீர்களே, அதுவாக இருக்கும் என்று அவளே காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஒரு பொய் சொன்னதும் அடுத்தது தானாகவே வந்தது.

கடையில் ஊற்றினாள். ஒவ்வொரு கிளாஸாக நீட்டும்போதும் யாராவது முகம் சுளிப்பார்கள், திருப்பிக் கொடுப்பார்கள் என்று பார்த்தாள். ஒருத்தரும் கொடுக்கவில்லை. எப்போதும் போலப் போட்டோ எடுத்தார்கள், குடித்தார்கள், இன்னொன்று கேட்டார்கள். பீர் பற்றி இணையத்தில் எழுதுகிற தாடிக்காரர் ஒருவர் உண்டு. அவர் வாயில் வைத்துச் சுழற்றி, இந்தத் தடவை ஒரு முதிர்ச்சி தெரிகிறது என்றார். அன்றைக்கே எழுதியும் போட்டார். கூட்டம் கூடியது. அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி அருவருப்பாகவும் இருந்தது. இத்தனை நாள் இவர்கள் எதற்குத்தான் காசு கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் லிஃப்ட்காரர் வந்தார். கை கழுவினார், மோந்தார், மறுபடி கழுவினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார். வேறு பீர் கொடுத்துவிடலாமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். ஹேஸி தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பக்கத்து மேஜையிலேயே அது இருந்தது. கொண்டுபோய் வைத்தாள்.

அவர் கிளாஸை எடுத்து மோந்தார். கீழே வைத்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். சுற்றிலும் குடித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வாய் குடித்தார். அப்புறம் முழு விலையையும் மேஜையில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கிளாஸில் அந்த ஒரு வாய் போக பீர் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

முதலில் கேட்டது மூக்கன்தான். லிஃப்ட்காரரைக் காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்றான். வேலை அதிகமாக இருக்கும் என்றாள் அவள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்டான். வேறு யார் வராவிட்டாலும் அவனுக்கு ஒன்றுமில்லை. அந்த ஆள் ஒருத்தர்தான் தான் காய்ச்சுவதைப் பூரணமாக வாங்கிக்கொள்கிறவர் என்றான். அவள் கிளாஸ் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

ஒரு பல் சொத்தையானது அவளை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பல் டாக்டரின் கிளினிக் நாலாவது மாடியில். கீழே லிஃப்ட்டின் கதவு திறந்து கிடந்தது, குறுக்கே ஒரு மஞ்சள் சங்கிலி. படியேறத் திரும்பியவளை யாரோ, "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். குழிக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே தெரிந்தது. அவர்தான்.

ஏன் கடைப்பக்கம் வரவில்லை என்று கேட்காமல் போய்விட அவளால் முடியவில்லை. கேட்டாள்.

அவர் மேலே ஏறி வந்து தரையில் உட்கார்ந்தார். கொஞ்சம் கூச்சத்தோடு பேசினார்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லல. எனக்கு மூக்கு கெட்டுப்போச்சும்மா. கடைசியா வந்தேன்ல, அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பீர்ல அட்டை வாசம் அடிச்சுது. மூக்கன் சார் தப்பா ஒண்ணு ஊத்த மாட்டார். சுத்தி எல்லாரும் நல்லா ரசிச்சுக் குடிக்கிறாங்க. அப்ப கோளாறு என்கிட்டதானே? இத்தனை வருஷம் இந்தக் குழியில கெமிக்கல் போட்டுத் துடைக்கிறேன், அது அரிச்சிருக்கும். டாக்டர்கிட்ட போனேன். அவர் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்றார். ஆனா எனக்குத் தெரியுமே. சாப்பிடும்போதுகூட இப்பல்லாம் சந்தேகமா இருக்கு. வீட்டுக்காரி ஏதாவது ஆக்கி வச்சா, இது உண்மையிலேயே இப்படித்தான் இருக்கான்னு அவளையே கேக்கறேன்." சிரிக்கப் பார்த்தார். "மணம் தெரியாதவனுக்கு அந்த விலைக்கு பீர் எதுக்கும்மா? அதான் வரல."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். திருப்பிக் கொடுப்பார்கள், திட்டுவார்கள், எழுதிக் கிழிப்பார்கள் என்றெல்லாம் பயந்திருந்தாள். ஒரு மனிதன் தன்னையே சந்தேகப்படுவான் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"உங்க மூக்குல ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "பீர்தான் கெட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கருகிய பால், அலமாரிக்குள் போன புட்டிகள், சாக்கடையில் ஓடிய டாங்க், அன்று காலை கண்ணை மூடி நின்ற புருஷன். அவர் கையிலிருந்த கிரீஸைக் கந்தல் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபம் வருமென்று அவள் காத்திருந்தாள்.

"சாருக்கா மூக்கு போச்சு?" என்று கேட்டார். கந்தல் துணியை மடித்து வைத்துவிட்டு, "சொல்லியிருந்தா, அந்த அட்டை பீரையும் முழுசாக் குடிச்சிருப்பேனேம்மா" என்றார்.

அவள் நாலாவது மாடிக்கு ஏறவில்லை. பல் வலியோடேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

மதிய நேரம். கடை இன்னும் திறக்கவில்லை. மூக்கன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் நின்ற இடத்திலேயே நின்று சொல்லி முடித்தாள். அவன் தண்ணீரை நிறுத்தினான். எந்த டாங்க் என்று கேட்டான். காட்டினாள். மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். கொஞ்சம் இருக்கிறது என்றாள். அவன் ஒரு கிளாஸ் பிடித்து, மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, நிதானமாக மோந்தான். மறுபடி மோந்தான். அவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

"நீங்க அன்னைக்கு சாக்கடை ஓரமா உக்காந்திருந்ததை என்னால பாக்க முடியலைங்க" என்றாள். "அதான்."

"அது என் துக்கம்தானே" என்றான். சத்தம் போடவில்லை. "அதை என்கிட்டயே விட்டிருக்கலாம். நான் எடுத்துக்கிட்டிருப்பேன். இப்ப பாரு, அதைத் தூக்கி அந்த மனுஷன் தலையில வச்சிட்டோம்."

வைத்துவிட்டாய் என்று சொல்லவில்லை, வைத்துவிட்டோம் என்றான். அது அவளை இன்னும் சுட்டது.

அன்று சாயங்காலமே கடை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதினான். கடைசியாக விற்ற ஹேஸி கெட்டுப்போனது, குடித்தவர்கள் வந்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று. வெகுசிலர்தான் வந்தார்கள். தாடிக்காரர் வந்து, தனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். லிஃப்ட்காரர் வந்தார், பணம் வாங்கவில்லை. அவரும் மூக்கனும் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் கிளாஸ் எதுவும் இல்லை. என்ன பேசினார்கள் என்று கவுண்டரிலிருந்து அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து போகும்போது அவர் மூக்கனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. இந்தத் தடவை காரணம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

மூக்கன் இன்னொரு தடவை ஹேஸி காய்ச்சினான். எல்லா ரப்பர் வளையங்களையும் மாற்றினான். தானியம் ஊறவைப்பதிலிருந்து ஹாப்ஸ் கொட்டுவதுவரை ஒற்றை ஆளாகச் செய்தான். உதவட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். கடுமையாக இல்லை, வேற்று மனுஷியிடம் பேசுகிற மரியாதையோடு. பீர் தயாரான காலையில் அவன் கிளாஸைப் பிடித்ததை அவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். மோந்தான். ஒரு வாய் குடித்தான். கிளாஸை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு டாங்க்கின் முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு குனிந்து அடிக்குழாயைத் திறந்துவிட்டான்.

அவள் ஓடினாள். கதவைத் தள்ளியதுமே முகத்தில் வந்து மோதியது. அன்னாசி, உரித்த தோல், பச்சைப்புல், பெயர் தெரியாத ஏதோ ஒரு பூ. கூடம் முழுக்க, கூரை முட்ட, ஈரத்தரையில் அது ஓடிய இடமெல்லாம் மணந்தது. இத்தனை வருஷத்தில் அவன் காய்ச்சியதிலேயே இதுதான் சிறந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பின்கதவுப் பக்கமாகத் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்கூட நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, என்ன பழம் என்று கேட்டாள்.

"ஏங்க, மூடுங்க" என்றாள் அவள். "நல்லா இருக்குங்க. சத்தியமா நல்லா இருக்கு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு, முடியாமல் போன பார்வை. பின்கதவில் நின்ற பெண்ணையும் பார்த்தான். குழாயின்மேல் கை வைத்தான். அப்புறம் எடுத்துவிட்டான்.

"போகட்டும்மா. நான் மோந்து பாக்காத ஒண்ணை இனிமே யாருக்கும் ஊத்த வேண்டாம்."

கடைசிச் சொட்டுவரை ஓடியது. அவள் அங்கேயே நின்று, தன்னால் முடிந்தமட்டும் மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்த மணத்தை இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாவது முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று அழுகையைக்கூட அடக்கிக்கொண்டாள்.

கடையை மூடுவதென்று முடிவானது. அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். இனி வாய்க்கு வந்தபடி பேசப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் காலி மேஜைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விலை ஜாஸ்தின்னுதான் நான் சொன்னேன் பாப்பா" என்றார். "பொய்னு ஒரு நாளும் சொன்னதில்லையே."

சாமான் ஏற்ற வேன் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

டாங்க்குகளை வாங்க ஒரு பால் பண்ணைக்காரர் முன்வந்தார். பாலைக் குளிர வைக்கத் தோதாக இருக்கும் என்றார். அவர் வருவதற்கு முந்தின நாட்களில் மூக்கன் ஒவ்வொரு டாங்க்கையும் உள்ளே இறங்கிக் கழுவினான். காஸ்டிக் சோடா, வெந்நீர், அப்புறம் ஆசிட், மறுபடி வெந்நீர். எவர்சில்வர் கண்ணாடியாக மின்னியது.

பண்ணைக்காரர் காலையில் வந்தார். தட்டிப் பார்த்தார், வால்வுகளைத் திருகிப் பார்த்தார். அண்ணன் வேனின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். பால் சட்டென்று வேற்று வாசத்தைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே பீர் வாசம் கொஞ்சமும் மிச்சம் இல்லையே என்று பண்ணைக்காரர் மூக்கனைக் கேட்டார்.

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். முன்பென்றால் அவன் அவள் பக்கம் திரும்பியிருப்பான். இப்போது திரும்பவில்லை. டாங்க்கின் வட்டக் கதவைத் திறந்து, பண்ணைக்காரர் எட்டிப்பார்க்க வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"எனக்கு மணம் தெரியாதுங்க" என்றான். "காய்ச்சல்ல போயிருச்சு. நீங்களே நல்லா மோந்து பாத்துக்கங்க."

பண்ணைக்காரர் தலையை உள்ளே விட்டார். மூன்று பேரும் அவர் வெளியே வரக் காத்திருந்தார்கள்.